வடக்குப் பக்கத்து ஹொஸ்டாக்கள்

ஏப்ரல் 21, திங்கள்

டொக்டர் ஒரு கொப்பி வாங்கித் தினமும் எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டேன். அன்றன்றைக்குச் செய்த வேலையை எழுதினால் போதுமாம். முதல் பக்கத்தில் மட்டும் யார், என்ன நடந்தது என்று எழுத வேண்டுமாம்.

தயாபரன், வயது ஐம்பத்து நாலு. ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். மார்ச் 19 பின்னேரம் ஆறே காலுக்கு, மழைக்குள், சந்தியில் இடது பக்கம் திரும்பும்போது, பாதசாரிக் கடவையில் வந்த ஒரு பெண்மணியை என் பஸ் இடித்தது. அவர் உயிரோடு இருக்கிறார். இடுப்பும் வலது காலும் முறிந்துவிட்டன. நடப்பவர்களுக்கான விளக்கில் சிவப்புக் கை விழுந்த பிறகுதான் அவர் ரோட்டில் இறங்கினார் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. நித்திரை வருகிறது என்று டொக்டரிடம் சொன்னேன்.

செய்த வேலை: பின்வளவில் குப்பை கூட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குப்பை கூட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் மனைவி சுகிர்தாவை வேலைக்குக் கொண்டுபோய் விட முடியவில்லை. காரின் முன் டயரில் காற்றுக் குறைவு. அவள் கூட வேலை செய்யும் பெண்ணோடு போனாள்.

வீட்டின் வடக்குப் பக்கத்தில், சுவருக்கும் பக்கத்து வேலிக்கும் இடையில் ஒரு நீளமான துண்டு நிலம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் நிழல் முழுக்க அதன் மேல்தான். கத்தரியும் மிளகாயும் சுகிர்தா தெற்குப் பக்கத்தில்தான் வைப்பாள். இங்கே எதுவும் வராது என்று பதினாறு வருடமாகப் புல் வெட்டும் மெஷினை ஓட்டிவிடுவேன். இன்றைக்குப் பார்த்தால் மண்ணைத் துளைத்துக்கொண்டு ஊதா நிறத்தில் கூர்கூராக ஏதோ வந்திருக்கிறது. விரல் தடிப்பம். எண்ணினேன். பதினொரு இடத்தில்.

மே 3, சனி

வேலிக்கு அங்காலே இருந்து பக்கத்து வீட்டு இரேனா எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை. பதினாறு வருடத்தில் குளிரைப் பற்றியும் குப்பை வண்டியைப் பற்றியும் தவிர நாங்கள் ஒன்றும் கதைத்ததில்லை.

"இந்த வருடமாவது அவற்றை வெட்டாமல் விடுவீர்களா?" என்று கேட்டார்.

"இது என்ன?"

"ஹொஸ்டா. உங்களுக்கு முதல் இருந்தவர்கள் வைத்தது. ஒவ்வொரு வருடமும் அவை வரும், நீங்கள் மெஷினோடு வருவீர்கள். அதைப் பார்க்கக் கூடாது என்று நான் உள்ளே போய்விடுவேன்."

மன்னிப்புக் கேட்டேன். நிழலில் வளரும் செடி. பூவுக்காக அல்ல, இலைக்காக வைப்பார்களாம். வேரடியில் தண்ணீர் விடவேண்டும். மேப்பிள் வேர் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும் என்பதால் மழை பெய்தாலும் விடவேண்டும்.

டயருக்குக் காற்று இன்னும் அடிக்கவில்லை.

மே 9, வெள்ளி

சுருள் விரிகிறது. மூன்றில் வெள்ளைக் கரை. மற்றவை பச்சை. மரப்பட்டைத் தூள் பரப்பினேன், ஆறு பை. ஆரணி காரில் கொண்டுவந்து தந்தாள். மகள் பல்கலைக்கழகம் முடித்து இப்போது வேலை தேடுகிறாள், நேரம் இருக்கிறது.

சுகிர்தா இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் வாங்கி வந்தாள். எனக்கு வயிறு சரியில்லை. பாண் சாப்பிட்டேன்.

மே 18, ஞாயிறு

உறைபனி விழும் என்று வானிலையில் சொன்னார்கள். நேற்று இருட்டுவதற்கு முன் பழைய படுக்கை விரிப்புகளால் எல்லாவற்றையும் மூடினேன். காலையில் புல்லெல்லாம் வெள்ளை. விரிப்பை எடுத்தால் ஒன்றுக்கும் சேதமில்லை.

சுகிர்தா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்பிடிப் போத்து விடுவியளோ?" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

மே 24, சனி

சுப்பர்மார்க்கெட் வாசலில் செடி மலிவு விற்பனை. நடந்து போய் நடந்து வந்தேன், போகவர ஒரு மணித்தியாலம். நடப்பது உடம்புக்கு நல்லது. ஒரு ஹொஸ்டா வாங்கினேன். கரும்பச்சை இலையில் வெளிர் பச்சை மை கசிந்தது போலக் கோடுகள். இப்படி ஒன்றை இரேனாவிடமும் காணவில்லை.

இரேனாவின் பெரிய நீலச் செடி நடுவில் பட்டுப்போய் வட்டமாக நிற்கிறது. அதைத் தோண்டி நாலாகப் பிரித்து வைத்தால் நாலும் புதிதாக வளருமாம். பத்தொன்பது வருடச் செடி. அவருக்கு இன்று வேலை, முதுகுவலியும். பிரித்துத் தரமுடியுமா என்று கேட்டுக் கத்தியை வேலியில் வைத்துவிட்டுப் போனார். முதலில் என் புதுச் செடியை இரண்டாக வெட்டி நட்டேன். பிறகு என்னுடையவற்றில் நெருக்கமாக நின்ற மூன்றின் வேர்களை வெட்டி விலக்கி நட்டேன். பிறகு அவருடையதை. வேர்க்கட்டி ஒரு மூட்டை அரிசிப் பாரம். நீல இலையைத் தொட்டால் மேலிருக்கும் மாப்பூச்சு விரலோடு வந்துவிடும், திரும்ப வராது. அடியில் மட்டும் பிடித்துத் தூக்கினேன்.

முதுகு நோ. ஆனால் நல்ல நோ.

ஜூன் 2, திங்கள்

இலைகளில் ஓட்டை. ஓடில்லாத நத்தைகள். விடியற்காலை ஐந்தரைக்கு எழும்பிப் பொறுக்கினேன். நாற்பத்தியொன்று. இரேனா சொன்னபடி ஒரு தட்டில் பியர் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்திருக்கிறேன். நத்தைகள் அதைத் தேடிவந்து விழுமாம்.

எப்படியும் அந்த நேரம் விழிப்பாகத்தான் இருந்தேன்.

ஜூன் 14, சனி

ஆரணி கேட்டாள், "அப்பா, நீங்கள் கார் ஓடி எவ்வளவு நாள்?"

"தேவை வரேல்லையே பிள்ளை."

"அம்மா வேலைக்குப் போற தேவை இருக்குத்தானே."

"டயரிலை காத்துக் குறைவு."

"நான் போன மாசமே காத்து அடிச்சிட்டன் அப்பா."

வெள்ளைக்கரைச் செடி ஒன்றை வெய்யில் படுகிற மூலையில் இருந்து உள்ளுக்கு மாற்றினேன். மதிய வெய்யிலில் கரை கருகியிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

விசாரணை அதிகாரி முன் ஒரு மணித்தியாலம். யூனியன் சார்பில் டெரெக் பக்கத்தில் இருந்தார். என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது ஆரணி. பயணியாக. கடைசி வரிசையில் இருந்தேன்.

வேகம் கேட்டார்: பதினாலு கிலோமீட்டர். சரி. விளக்கு: பச்சை. சரி. கமராப் படத்தில் அந்தப் பெண்மணி சிவப்புக் கை விழுந்து மூன்று செக்கனுக்குப் பிறகு இறங்குகிறார். கறுப்புக் கோட், கறுப்புக் குடை.

"அந்த நேரம் உங்கள் கண் எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"பாதையில்."

எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மரப்பட்டைத் தூளைச் செடியின் கழுத்தில் இருந்து விலக்கினேன். கழுத்தோடு சேர்ந்திருந்தால் அழுகும். இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் தண்ணீர். பிறகு நடைபாதையைக் கழுவினேன். பிறகு குப்பைப் பெட்டிகளைக் கழுவினேன். சுகிர்தா வந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, "காணும், உள்ளுக்கு வாங்கோ" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

பூத்திருக்கின்றன. நீளத் தண்டில் வெளிர் ஊதா மணிகள். பெரிய வண்டுகள் உள்ளே போய்ப் பின்பக்கமாக வெளியே வருகின்றன.

சுகிர்தா யாருக்கும் சொல்லாமல் சாரதி எழுத்துப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறாள். ஐம்பது வயதில். இருபத்தைந்து வருடமாகப் படி படி என்று சொன்னபோது படிக்காதவள்.

"இப்ப ஏன்?" என்று கேட்டேன்.

"ஆராவது ஓடத்தானே வேணும்" என்றாள்.

ஜூலை 26, சனி

என்னுடையதில் மூன்று செடிகளின் இலையில் மஞ்சள் திட்டுகள். நரம்பு வழியே நிறம் கசிந்து, இலை சுருண்டிருக்கிறது. இரேனாவின் நாலு நீலத்திலும் அதே. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"வைரஸ்" என்றார். "மருந்து இல்லை. ஒரு செடியில் இருந்து மற்றதற்குச் சாறு வழியாகப் போகும். போன வருடம் நான் வாங்கிய செடியில் வந்திருக்க வேண்டும். அந்தக் கடைக்காரியை இன்றைக்கு விடப்போவதில்லை."

போய்விட்டார். நான் என் புதுச் செடியைப் பார்த்தேன். மை கசிந்தது போலக் கோடுகள்.

ஜூலை 27, ஞாயிறு

கடைக்காரி சின்னப் பிள்ளையாம், இரேனா போட்ட சத்தத்தில் அழுதுவிட்டாளாம். மழை இல்லை. தண்ணீர் விட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலை இரேனா வீட்டுக் கதவைத் தட்டினேன். வேலிக்கு மேலால் சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டுவதுதான் சரி என்று பட்டது.

"கடையிலிருந்து வரவில்லை. நான் வாங்கி வந்த செடியிலிருந்து வந்தது. அதை வெட்டிய கத்தியால்தான் உங்களுடையதை வெட்டினேன்."

"இடையில் கத்தியைக் கழுவினீர்களா?"

"இல்லை."

"கழுவ வேண்டும் என்று தெரியாதா?"

"தெரியாது. ஆனால் போன சனிக்கிழமை நீங்கள் வைரஸ் என்று சொன்னவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிழமை சொல்லாமல் இருந்தேன். அந்தப் பிள்ளை அழுதது எனக்குத் தெரியும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாவற்றையும் வேரோடு தோண்டிக் கறுப்புப் பையில் கட்டுங்கள். பசளைக் குவியலில் போடக்கூடாது. என்னுடைய நாலையும் நீங்களே தோண்டுங்கள். ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்க வேண்டாம். நான் கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

தோண்டினேன். ஒன்பது பை. என்னுடையதில் மிஞ்சியது எட்டு.

சாப்பிடும்போது சுகிர்தா கேட்டாள், "அவ திட்டினவவோ?"

"பெரிசா இல்லை."

"பிறகு ஏன் உங்கடை முகம் வெளிச்சிருக்கு?"

முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 9, சனி

இரேனா வேலிக்கு மேலால் ஒரு ப்ளீச் போத்தலை நீட்டினார். "கத்திக்கு" என்றார். ஒரு கிழமை முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டெரெக் ஃபோன் எடுத்தார். முடிவு வந்துவிட்டது. என்மேல் தவறில்லை. சுத்தமான பதிவு. செப்டம்பர் 15 வேலைக்குத் திரும்பலாம். சுகிர்தா உடனே சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தினாள். ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் சந்தோசம். பின்னேரம் கேக் வெட்டினோம்.

நத்தை, மூன்று.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டெரெக் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார். அந்தப் பெண்மணி யூனியன் முகவரிக்கு அனுப்பியது. அவர் பெயர் மரிசோல், பிலிப்பீன்ஸ்காரர், பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்தவர். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஓட்டுநருக்கு. நான் வழக்குப் போடவில்லை. எனக்கு அன்றைய நாள் ஞாபகம் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டியது ஞாபகம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் கூரை. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு அறிக்கையில் ஒரு பந்தியைக் காட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை, பாதசாரி என்று இருக்கிறது. நீங்கள் அங்கே இருந்தீர்கள். மனம் இருந்தால் வந்து சொல்லுங்கள்."

டெரெக் சொன்னார், "போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. போனாலும் அறிக்கையில் உள்ளதுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். முடிந்த விசாரணையைத் திரும்பத் திறப்பார்கள். பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

எட்டுச் செடிகளுக்கும் தண்ணீர். நிலத்தில் காலியான இடங்களுக்கு இரேனா நிழலில் வளரும் பன்னச் செடிகள் தந்தார். ஹொஸ்டாவை அங்கே இப்போதைக்கு வைக்கக்கூடாதாம்.

சுகிர்தா ஆரணியோடு கார் ஓடிப் பழகுகிறாள். வலது பக்கத் திருப்பம் நன்றாக வருகிறதாம்.

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். டிப்போவில் பஸ்ஸில் ஏறி ஆசனத்தில் இருந்தேன். கண்ணாடிகளைச் சரிசெய்தேன். திறப்பைப் போட்டு எஞ்சினைத் தொடக்கவில்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகு இறங்கி மேலாளரிடம் போய், பாதையில் ஓட்ட முடியாது, டிப்போவுக்குள் வேறு வேலை இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். பயம் போக நாளெடுக்கும், பரவாயில்லை என்று நல்ல மாதிரியாகச் சொன்னார். பஸ் கழுவும் பகுதியில் போட்டிருக்கிறார்கள்.

பயம் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சுகிர்தா கத்தரிக்கோல் தேடி லாச்சியைத் திறந்தாள். கடிதத்தை வாசித்துவிட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"மூண்டு கிழமையா வைச்சிருக்கிறியள்."

"டெரெக் போகவேண்டாம் எண்டவர்."

"டெரெக்கை விடுங்கோ. அந்த மனிசி கேட்டிருக்கிறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"போகத்தான் வேணும்."

"அப்ப சனிக்கிழமை போவம். நான் ஓடுறன். என்ரை லைசன்சுக்குப் பக்கத்திலை ஒரு பழைய சாரதி இருக்கவேணுமாம். நீங்கள் இருங்கோ."

செப்டம்பர் 27, சனி

பெரிய ரோட்டைத் தவிர்த்து ஒழுங்கைகளால் போனோம். நாற்பத்தைந்து நிமிடம். சுகிர்தா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மெல்லமாப் போம்" என்றேன்.

"இதைவிட மெல்லமாப் போறதெண்டால் இறங்கித் தள்ளவேணும்" என்றாள்.

மூன்றாம் மாடி. மரிசோல் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். மாம்பழச் சாறு ஊற்றித் தந்தார். சுகிர்தா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார் மரிசோல். "அவசரம் இல்லை."

சொன்னேன். மழை. ஆறே கால். பஸ்ஸில் பதினேழு பேர். விளக்குப் பச்சை. திரும்பத் தொடங்கினேன். பிறகு சொன்னேன்: "அதில் நான் பாதையைப் பார்க்கவில்லை. இரண்டு செக்கன். விசாரணையில் பாதையைப் பார்த்ததாகச் சொன்னேன். அது பொய்."

"எதைப் பார்த்தீர்கள்?"

இதற்கு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சுகிர்தா பக்கத்தில் இருக்கிறாள் என்பது தெரியும்.

"மூலையில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. சில நாளில் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். வேலை முடிந்து வரும்போது இடியப்பம் வாங்க வேண்டியிருந்தது."

சுகிர்தாவின் கைப்பை மடியில் அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் சிவப்பில் இறங்கினேன் என்கிறார்களே" என்றார் மரிசோல்.

"ஆமாம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. அந்த வேகத்தில் நிறுத்தலாம்."

அவர் என் குவளையில் இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினார். "நான் விழுந்து கிடந்தபோது யாராவது பக்கத்தில் இருந்தார்களா?"

"நான் இருந்தேன். அம்புலன்ஸ் வரும்வரை உங்கள் குடையை உங்களுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டீர்கள்."

"அணைத்திருந்தேன்" என்றார். "மகன் போய்ப் பார்த்தான்."

பிறகு சொன்னார், "எனக்குக் கோபம் வருமா என்று இப்போது தெரியவில்லை. வந்தால் எழுதுவேன்."

முகவரியை எழுதிக் கொடுத்தேன். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

சுகிர்தா இரண்டு தெரு ஓடினாள். பிறகு ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்துக்குள் திருப்பி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் குறுக்காக நிப்பாட்டினாள்.

"நான்தானே கேட்டனான்" என்றாள். "அண்டைக்கு ரண்டு தரம் ஃபோன் எடுத்தனான். மறக்காமல் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு."

"அது உம்மடை பிழை இல்லை."

"அது எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் அதையே நினைச்சுக்கொண்டிருப்பீர்."

"ஆறு மாசமா நீங்கள் ஏன் சாப்பிடுறியளில்லை, ஏன் கார் ஓடுறியளில்லை, ஏன் என்ரை முகத்தைப் பாக்கிறியளில்லை எண்டு நான் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். என்னிலை ஏதோ வெறுப்பெண்டு நினைச்சன்." அழுதாள். நான் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே தந்தாள்.

பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நாங்கள் அவன் வழியை மறித்துக்கொண்டிருந்தோம்.

"என்னாலை இப்ப ஓட ஏலாது" என்றாள்.

ஆரணியைக் கூப்பிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். அவள் வேலை நேர்முகத்துக்குப் போயிருந்தாள். லொறிக்காரன் திரும்பவும் அடித்தான். இறங்கிச் சுற்றி வந்தேன். சுகிர்தா உள்ளுக்குள்ளாலேயே மற்ற ஆசனத்துக்கு நகர்ந்தாள். ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். கண்ணாடிகளைச் சரிசெய்தேன். திறப்பைத் திருப்பினேன். லொறியை விடவேண்டியிருந்தது.

முதல் சந்தியில் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். விளக்கு எனக்குப் பச்சை. அவள் மற்றக் கரைக்கு ஏறும்வரை நின்றேன். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சுகிர்தா, "அடிக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வர ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம்.

"வேலையிலையும் சொல்லப்போறியளோ?" என்று வாசலில் கேட்டாள்.

"ஓம். திங்கட்கிழமை."

"சரி" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

சொன்னேன். என்ன செய்வார்கள் என்று தெரிய இரண்டு கிழமை ஆகும்.